‘மரியன்’ என்றால் என்ன? மாதா பக்தி பற்றிய கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பிரெஞ்சில் பூசை பார்த்து, தமிழில் செபமாலை சொல்லி, பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தோடும் மல்லுக்கட்டும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தெரிந்தவரை சொல்கிறேன். பங்குச் சண்டைகளுக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை.

சேன் தெனி: சென்னையிலிருந்து அக்கா அனுப்பிய ஆங்கில நவநாள் புத்தகத்தில் மரியன் டிவோஷன், மரியன் ஷ்ரைன், மரியன் இயர் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரே சொல் எல்லாவற்றுக்கும் எப்படிப் பொருந்துகிறது?

அந்தச் சொல் மிகக் கொஞ்சமாகச் சொல்வதால்தான் பொருந்துகிறது. ‘இயேசுவின் தாய் மரியாவைச் சார்ந்த’, அவ்வளவுதான் பொருள். எந்த வகையில் சார்ந்தது என்பதைப் பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மரியன் டிவோஷன் என்றால் மாதா பக்தி. மரியன் ஷ்ரைன் என்றால் வேளாங்கண்ணி, லூர்து போன்ற மாதா திருத்தலம். மரியன் இயர் என்பது திருத்தந்தை மாதாவுக்கென்று ஒதுக்கும் ஆண்டு. மரியா பிறவிப் பாவமின்றிக் கருவானார் என்னும் அமல உற்பவக் கோட்பாடு அறிவிக்கப்பட்ட நூறாம் ஆண்டை ஒட்டி 1954இல் ஒன்று வந்தது. அப்புறம் 1987 பெந்தகோஸ்தே முதல் 1988 ஆகஸ்ட் 15 வரை இரண்டாம் யோவான் பவுல் ஒன்றை அறிவித்தார்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘மரியன் வொர்ஷிப்’ என்று எழுதாதீர்கள்.

லே போர்: ஏன் எழுதக் கூடாது? பக்தி, வணக்கம், ஆராதனை எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் எப்படியோ போகட்டும், திருச்சபைக் கணக்கில் ஒன்றில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம். மாதாவுக்கு அந்த வணக்கத்திலேயே மேலானது. லாத்ரியா, தூலியா, ஹைப்பர்தூலியா என்று கிரேக்கத்தில் இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். உங்கள் பாட்டி சொல்லும் மாதா பிரார்த்தனையைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். ‘பிதாவாகிய சர்வேசுரா’ என்றதும் எல்லோரும் ‘எங்கள் மேல் இரக்கமாயிரும்’ என்பார்கள். ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்ற இடத்தில் பதில் மாறிவிடும்: ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.’ அதன் பிறகு ஞானம் நிறைந்த கன்னிகை, விடியற்காலத்து நட்சத்திரம் என்று எத்தனை பட்டம் அடுக்கினாலும் பதில் அதுவேதான். கடைசியில் இயேசுவைக் குறிக்கும் ‘செம்மறி’ வந்ததும் மறுபடி மாறும். தூக்கக் கலக்கத்தில் சொல்கிற பிள்ளைகூட அந்த இடத்தில் தப்பு விடாது. இரக்கத்தைக் கேட்பது கடவுளிடம். பரிந்து பேசச் சொல்வது மாதாவிடம். மரியன் டிவோஷன் என்பதன் எல்லை அதுதான்.

சேன் பியேர்: பையன் ஆங்கிலக் கட்டுரையில் ‘மரியால்’ என்று எழுதினான். டீச்சர் அடித்துவிட்டார்.

சரியாகத்தான் அடித்தார். அது பிரெஞ்சு. ஆங்கிலத்தில் ‘மரியன்’ என்றுதான் எழுத வேண்டும், முதல் எழுத்தையும் பெரிதாகப் போட வேண்டும். பிரெஞ்சில் சின்ன எழுத்து. இந்தத் தீவுப் பிள்ளைகள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது.

சேந்த் மரி: வரலாற்றுப் புத்தகத்தில் ‘மரியன் மார்ட்டிர்ஸ்’ என்று படித்தேன். மாதாவுக்காக உயிர் கொடுத்தவர்களா?

நேர் எதிர். இங்கிலாந்தில் 1553 முதல் 1558 வரை ஆண்ட முதலாம் மேரி அரசியின் காலத்தில் எரிக்கப்பட்ட புராட்டஸ்டன்டுகள் அவர்கள். முந்நூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள். அதில் வரும் மரியன் அரசியின் பெயரிலிருந்து வந்தது. செபமாலையையே ஏற்காதவர்களை ‘மரியன் வேதசாட்சிகள்’ என்று அழைக்கும்படி ஆகிவிட்டது, பாருங்கள். ரோமானிய வரலாற்றில் ‘மரியன்’ வந்தால் அது தளபதி மாரியுசைச் சேர்ந்தது. அதனால் எந்தப் புத்தகம், எந்தக் காலம் என்று பார்த்துவிட்டுப் பொருள் சொல்லுங்கள்.

சேன் போல்: மரிஸ்ட், மரியனிஸ்ட், மரியன் மூன்றும் ஒன்றா?

இல்லை. மரிஸ்ட், மரியனிஸ்ட் இரண்டும் துறவற சபைகள். மரிஸ்ட் அருட்சகோதரர்கள் சபையை மார்சலின் ஷம்பாஞா 1817இல் தொடங்கினார். அதே ஆண்டு போர்தோவில் ஷமினாத் தொடங்கியது மரியனிஸ்ட் சபை. ‘மரியன் ஸ்கூல்’ என்று சொன்னால் எந்தச் சபை என்று தெரியாது. சபைப் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

லே தம்போன்: மாதா பக்தியே 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கிளப்பிவிட்டது என்கிறார் என் மருமகன்.

மருமகன் பாதி சரி. 1830இல் பாரிஸ், 1846இல் லா சலேத், 1858இல் லூர்து, 1871இல் போன்மேன் என்று பிரான்சில் வரிசையாகக் காட்சிகள். நடுவில் 1854இல் அமல உற்பவக் கோட்பாடு. நம் தீவின் கெபிகளில் நிற்கும் சுரூபங்களில் பல அந்த அலையோடு வந்தவைதான். ஆனால் ‘இறைவனின் தாய்’ என்ற பட்டத்துக்காக ஆயர்கள் எபேசு சங்கத்தில் மோதிக்கொண்டது 431இல். அப்போது பிரான்ஸ் என்று ஒரு நாடே கிடையாது.

சேன் ஆந்த்ரே: எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்குக் காவடி உண்டு. செப்டம்பர் 19 வந்தால் சேன் லே போய் லா சலேத் மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் உண்டு. ‘இதுவும் மரியன் டிவோஷனா தாத்தா?’ என்று பேத்தி கேட்கிறாள். என்ன சொல்வது?

மெழுகுவர்த்தி ஏற்றுவது மரியன் டிவோஷன்தான் என்று சொல்லுங்கள். காவடி முருகனுடையது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டியதில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர் பாய்ந்து வந்துவிட்டார்கள். அவர்களையும் கேளுங்கள்.

சேன் லூயி: ஐயா, இது இரட்டை வேடம். ஒன்று கோயில், இல்லையென்றால் தேவாலயம். நீங்கள் மழுப்புகிறீர்கள்.

சேந்த் சுசான்: அவர் கிடக்கிறார். மாரியும் மரியும் ஒரே அம்மாதான். பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சேன் லூயி அண்ணாச்சி, இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர் பலருக்கு ஞானஸ்நானமும் பிரெஞ்சுப் பெயரும் கிடைத்தன. பாஞ்சாலி அம்மனுக்கான பந்தியாலே தீமிதியையும் அவர்கள் விடவில்லை. ‘மல்பார்’ என்று இங்கே அழைக்கப்படும் பல தமிழ் வழிக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இரண்டும் ஓடுகிறது. பங்குச் சாமியார் அதை ஏற்பதும் ஏற்காததும் அவர் பொறுப்பு. வேடம் என்றால் ஒன்றை மறைக்க வேண்டும். இந்த வீடுகளில் சாமி அறைக்குள் போனால் முருகன் படமும் லூர்து மாதா சுரூபமும் ஒரே பலகையில், ஒரே சாமந்தி மாலைக்குக் கீழே இருக்கின்றன. வாசலில் நின்றாலே தெரியும்.

சேந்த் சுசான் அம்மா, மாரி என்றால் தமிழில் மழை. மரியா என்பது மிரியாம் என்ற எபிரேயப் பெயர். ஓசை ஒத்துப்போனதால் உறவாகிவிடாது. ஆனால் நீங்கள் சொல்வதில் வேறொரு உண்மை இருக்கிறது. 1859இல் இந்தத் தீவை வாந்திபேதி பிடித்து உலுக்கியபோது, தங்கள் ஊர் தப்பித்தால் லா சலேத் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக சேன் லே மக்கள் பொருத்தனை செய்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் செப்டம்பர் 19 திருயாத்திரை. கொள்ளைநோய் வந்தால் ஊர்கூடி ஒரு அம்மாவிடம் நேர்ந்துகொள்வது நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அத்துப்படி. மொழி புரியாவிட்டாலும் அந்தக் காரியம் அவர்களுக்குப் புரிந்திருக்கும். அதனால்தான் லா சலேத்துக்கு நம்மவர்கள் இவ்வளவு பேர் போகிறார்கள் என்று நினைக்கிறேன். ரிவியேர் தே ப்ளூயியில் கறுப்பு மாதாவையும் பாருங்கள். தப்பியோடிய அடிமை மாரியோவைப் பிடிக்க வந்தவர்களின் கண்ணிலிருந்து, பொகன்வில்லாக் கொடி சடாரென்று வளர்ந்து அவனை மறைத்தது என்று கதை. அதைக் கேட்ட கூலிக்காரனுக்கு அந்த மாதா யார் பக்கம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சேன் லூயி: அப்படியானால் சாமி அறையில் நடப்பதை ‘மரியன் வொர்ஷிப்’ என்று எழுதலாமா?

கூடாது என்று மேலே எழுதினேன்.

சேன் பெனுவா: ‘மரியன் வொர்ஷிப்’ தப்பா?

தப்பு. மாதா பிரார்த்தனைப் பதிலைப் படியுங்கள்.

சேந்த் ரோஸ்: 1977இல் எரிமலைக் குழம்பு எங்கள் தேவாலய வாசலோடு நின்றதே, அதைத் திருச்சபை மரியன் புதுமையாக, அதாவது மாதாவின் அற்புதமாக, ஏற்றுக்கொண்டதா?

பித்தோன் சேந்த் ரோஸில் அந்த ஏப்ரலில் குழம்பு தேவாலயத்தைச் சூழ்ந்துகொண்டு வாசற்படியில் நின்றது. படியை ஒட்டிக் கறுத்துக் கிடக்கும் பாறையை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். மக்கள் அதைப் புதுமை என்கிறார்கள், நோத்ர் தாம் தே லாவ் (எரிமலைக் குழம்பு மாதா) என்று பெயரும் வழங்குகிறது. ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட புதுமை’ என்று எழுத வேண்டுமானால் ஆயரின் விசாரணையும் தீர்ப்பும் வேண்டும். ‘மரியன் பக்தித் தலம்’ என்று எழுதுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

லே போர்: மாதா பக்தர்கள் கழுத்தில் மாட்டும் துணி உத்தரியத்தைப் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கலாமா?

நனைந்தால் காயவையுங்கள்.

சேன் ஷோசெஃப்: மாதாவை ‘இணைமீட்பர்’ என்று என் புத்தகம் சொல்கிறது. அதுவும் மரியன் பட்டம்தானே?

சிலர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த பட்டம். கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பதை அது மறைத்துவிடும் என்பதால் பொருத்தமில்லை என்று வத்திக்கான் 2025 நவம்பரில் எழுதிவிட்டது. உங்கள் புத்தகம் அதற்கு முந்தியதாக இருக்கும்.

சேன் தெனி: மரியன் வொர்ஷிப் என்பதற்கு…

அடுத்தவர்.

லா போசெஸியோன்: 19ஆம் தேதி லா சலேத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு?

பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். வெயில் அடிக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.