வாசகர் கேள்வி – பதில்: இல்லத்தில் ஒருவர் கொந்தளிக்கும்போது

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பெரியவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களிலிருந்தும், அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் இல்லத்தில் 24 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். பேச்சு வராது. வாரத்தில் மூன்று நான்கு முறை திடீரென்று தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறார், மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறார், கிட்டே போனால் அடிக்கிறார். காரணமே பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– இல்லக் காப்பாளர், தஞ்சாவூர்

மருத்துவரிடமிருந்து. பேசத் தெரியாத ஒருவர் தலையை முட்டிக்கொண்டால் முதலில் வலியைத் தேட வேண்டும். சொத்தைப் பல், காதில் சீழ், பல நாள் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெண்களென்றால் மாதவிடாய் வலி. அண்மையில் மருந்து மாறியதா என்றும் பாருங்கள். சில மனநல மருந்துகள் ஓரிடத்தில் உட்காரவிடாத தவிப்பைக் கொடுக்கும். அதை மூர்க்கம் என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

அடுத்த வேலை எழுதுவது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், உடனே பின்னால் என்ன நடந்தது. மேலே தேதி, மணி, இடம், பணியில் யார். இரண்டு வாரம் எல்லா ஷிப்டும் எழுத வேண்டும். ‘கோபப்பட்டார்’, ‘அடம் பிடித்தார்’ என்று எழுதினால் பயனில்லை. ‘வலது கையால் ஆயாவின் தோளில் இரண்டு முறை அடித்தார்’ என்று, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். ‘சமாதானப்படுத்தினோம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பிஸ்கட் கொடுத்தீர்களா, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினீர்களா, செய்யச் சொன்ன வேலையை விட்டுவிட்டீர்களா? நீங்கள் தேடுகிற காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்:

‘காலை 6.20, குளியலறை வாசல். முன்: உள்ளே இன்னொருவருக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம், “வா தம்பி, குளிக்கலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். செய்தது: மணிக்கட்டைக் கடித்தார், கதவு நிலையில் நெற்றியை மூன்று முறை முட்டினார். பின்: கையை விட்டேன், “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்றேன், கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார், 4 நிமிடத்தில் அமைதி.’

இதைப் போல ஐந்தாறு பதிவு சேர்ந்தால் படம் தெளிவாகும். கூடவே ஒரு நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, சம்பவம் நடந்த கட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே வாருங்கள். குளிக்கும் நேரம், ஷிப்டு மாறும் நேரம், இரவுச் சாப்பாட்டு வரிசை என்று கறுப்பு ஓரிடத்தில் திரண்டு நிற்கும்.

ஒரு நடத்தை தொடர்ந்து நடந்தால், அதனால் அவருக்கு ஏதோ கிடைக்கிறது என்று பொருள். நான்கில் ஒன்றைத் தேடுங்கள்: ஆள் கவனம், பிடிக்காததிலிருந்து விடுதலை, ஒரு பொருள் அல்லது தீனி, அல்லது அந்தச் செயலே தருகிற உடல் உணர்வு. ஒரே மாதிரி தலையை முட்டுகிறவர்களிடையே ஆளுக்கு ஆள் இந்தக் காரணம் வேறுபடும் என்பதை 1982இல் அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் சோதனை முறையில் காட்டினார்கள். அந்தச் சோதனையை நீங்களாக இல்லத்தில் செய்து பார்க்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்கள் மருத்துவ மேற்பார்வையில் செய்ய வேண்டியது. உங்களுக்கு நோட்டே பெரும்பாலும் போதும்.

மேலே உள்ள பதிவில் கிடைப்பது விடுதலை. கடித்தால் குளியல் தள்ளிப்போகிறது. இதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. குளியலைச் சகிக்கத்தக்கதாக மாற்றுங்கள்: வெந்நீர், ஆளில்லாத நேரம், கையைப் பிடித்து இழுக்காமல் வாளியையும் துண்டையும் முன்னால் காட்டிவிட்டுக் காத்திருப்பது. அதோடு ‘வேண்டாம், அப்புறம்’ என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கொடுங்கள். உள்ளங்கை அளவு அட்டையில் படம் ஒட்டி லேமினேட் செய்து குளியலறை வாசலில் அவர் கைக்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: கடித்துப் பெறுகிற அதே பலனைக் கேட்டுப் பெறக் கற்றுக்கொடுத்தால் கடி குறைகிறது.

அட்டையை அமைதியான நேரத்தில்தான் பழக்க வேண்டும். பிடிக்காத சின்ன விஷயம் ஒன்றை நீட்டுங்கள். அட்டையைத் தொட்டதும் அந்த நொடியே எடுத்துவிடுங்கள். நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை. குளியலிலும் முதல் சில வாரம் அவர் அட்டையைத் தொடும் ஒவ்வொரு முறையும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட வேண்டும். ‘அப்படியானால் குளிக்கவே மாட்டாரே’ என்று பணியாளர்கள் பயப்படுவார்கள். தொட்டால் நிச்சயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, ‘ஒரு சொம்பு, அப்புறம் போகலாம்’ என்று தொடங்கி இரண்டு, ஐந்து என்று ஏற்றிக்கொள்ளலாம். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே ‘அட்டையெல்லாம் அப்புறம், முதலில் குளி’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அட்டை அவருக்கு வெறும் காகிதம். பழையபடி பல்தான் வேலை செய்யும்.

அதெல்லாம் சரி. அடிதடி நடக்கிற அந்த நேரத்தில் என்ன செய்வது? எங்கள் இல்லத்தில் நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறோம்.
– பராமரிப்புப் பணியாளர், திருநெல்வேலி

அந்த நேரத்தில் எதையும் கற்பிக்க முடியாது. யாருக்கும் அடிபடாமல் கடந்தால் போதும், அதுவே வெற்றி.

கொந்தளிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறுகிறது. நடையில் வேகம், ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவது, காதைப் பொத்துவது, சட்டைக் காலரைக் கடிப்பது என்று ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் உண்டு. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்தக் கட்டத்தில் வேலை வாங்குவதை நிறுத்துவது, டிவியை அணைப்பது, அட்டையை நீட்டுவது எல்லாம் பலிக்கும். இதைத் தாண்டிவிட்டால் பலிக்காது.

ஏறிவிட்டதா? மற்ற இல்லவாசிகளை வெளியே அழைத்துப் போங்கள். கொந்தளிப்பவரை நகர்த்துவதைவிட இது எளிது. ஒருவர் மட்டும் பேசட்டும். மூன்று நான்கு வார்த்தை, தணிந்த குரல், பிறகு பத்து விநாடி மௌனம். ‘ஏன் இப்படிப் பண்ணுகிறாய்’ என்று கேட்க வேண்டாம். இரண்டு கை தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள். துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, ஜிமிக்கி எல்லாம் பணிக்கு வரும்போதே கழற்றி வைத்திருக்க வேண்டியவை.

தலையை முட்டுகிறவரின் தலையைப் பிடிக்கப் போகாதீர்கள். சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணையைச் செருகுங்கள். முடியைப் பிடித்துவிட்டால் இழுக்காமல், அவர் கையை உங்கள் இரு கைகளாலும் உங்கள் தலையோடு சேர்த்து அழுத்துங்கள்; வேர் இழுபடாது, பிடியும் தளரும். கடித்துவிட்டால் கையைப் பின்னால் பிடுங்கினால் சதை கிழியும். வாய்ப்பக்கமாகவே மெல்ல அழுத்தி, தாடை தளரும்போது எடுங்கள். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பல நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பணியாளர்கள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். இதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. இந்தப் பிடிவிடுப்பு முறைகளைப் படித்து மட்டும் செய்யாமல் பயிற்றுநரை வரவழைத்துக் கையால் பழகுங்கள்.

நான்கு பேர் அமுக்குவதைப் பற்றி: குப்புறப் படுக்கவைப்பது, முதுகிலோ மார்பிலோ முழங்காலை ஊன்றுவது, மேலே உட்காருவது, வாயை மூடுவது – இவற்றில் மூச்சடைத்து உயிர் போகும். ‘கத்துகிறாரே, மூச்சு இருக்கிறது’ என்று எண்ணுவது ஆபத்து. ‘அடங்கிவிட்டார்’ என்று நீங்கள் நினைக்கிற நொடி அவர் மூச்சு நின்ற நொடியாகவும் இருக்கலாம். உடனடிக் காயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பயிற்சி பெற்றவர்கள், மிகக் குறைந்த நேரம் பிடிக்கலாம். ஒருவர் பிடிக்காமல் நின்று முகத்தையும் மூச்சையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேரத்தைக் குறித்து வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் பிடிக்கிற முறையைத் திருத்தி என்ன பயன்? திட்டமே தவறு.

அடங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் எந்த வேலையும் சொல்லாதீர்கள், தண்ணீர் கொடுங்கள். கொட்டியதை உடனே பொறுக்கச் சொன்னால் இரண்டாவது முறை வெடிக்கும். தலையில் அடிபட்டிருந்தால் வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது ரத்தம் ஆகியவற்றுக்காக அன்று முழுவதும் கண்காணியுங்கள். ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள்.

‘கண்டுகொள்ளாதீர்கள், அடங்கிவிடுவான்’ என்றார்கள். அப்படியே விட்டோம், முன்பைவிட மோசமாகி ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான். எங்கே தவறு?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

அம்மா, அரைகுறை யோசனையை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். கவனத்துக்காக நடக்கிற நடத்தைக்கு மட்டுமே கண்டுகொள்ளாமை பொருந்தும். வேலையிலிருந்து தப்பிக்க அடிக்கிறவரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவர் கேட்டதையே கொடுத்ததாகிவிடும்.

கவனத்துக்காகவே என்றாலும், இதுவரை கிடைத்தது திடீரென்று நின்றால் முதலில் நடத்தை சிலநாள் வீங்கத்தான் செய்யும்: சத்தம் கூடும், புதிதாக உடைப்பதும் அடிப்பதும் சேரும். அந்த உச்சத்தில் ஓடிப்போய் அணைத்தால், ‘இந்த அளவுக்குச் செய்தால்தான் வருவார்கள்’ என்று படிந்துவிடும். அதனால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான நடத்தையில் இந்த முறையைத் தொடவே வேண்டாம். ஒருவர் கண்டுகொள்ளாமல் இருந்து, இன்னொருவர் கொஞ்சினால், பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றும்.

இதைவிட நல்ல வழி, கேட்குமுன் கொடுப்பது. இரண்டு மூன்று நாள் கணக்கெடுங்கள். சராசரியாக 12 நிமிடத்துக்கு ஒருமுறை கத்துகிறான் என்றால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களாகவே போய் அரை நிமிடம் பேசுங்கள், கையைத் தட்டிக்கொடுங்கள். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரப்படி. ஆனால் சரியாகக் கத்துகிற நொடியாக இருந்தால் அரை நிமிடம் தள்ளிப் போங்கள். கத்தல் குறைந்தபின் 12, 15, 20 என்று இடைவெளியை நீட்டலாம்.

தனியறையில் பூட்டி வைக்கலாமா?
– அறக்கட்டளை நிர்வாகி, சேலம்

கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 97ஆம் பிரிவு, மனநல நிலையங்களில் தனிமைச் சிறையைத் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதைத் தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ செய்யக் கூடாது என்கிறது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் இல்லங்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 உண்டு. கொடுமை நடப்பது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அரசின் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம்.

அமைதி மூலை வேறு. கதவு திறந்திருக்கும், அவராகப் போவார், அவராக வருவார். அது நன்று.

சாப்பாட்டில் தூக்க மருந்தைக் கலந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சரியா?
– ஒரு தந்தை, ஈரோடு

சரியில்லை. பெற்றவர்களுக்கும் பாதுகாவலருக்கும் தெரியாமல், மருத்துவர் எழுதாமல், எந்த மருந்தும் கூடாது. மருந்து தேவைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய மருத்துவரிடம் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள், ‘ரொம்பக் கோபம்’ என்ற ஒரு வாக்கியத்தை நம்பி அவர் அளவை முடிவு செய்ய வேண்டியிருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள்: கொந்தளிப்பைத் தணிக்க எழுதப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டும். அளவுச் சாப்பாடு போடுகிற இல்லத்தில் அதுவே புதிதாக அடுக்களைச் சண்டையைக் கிளப்பும்.

திட்டம் போட்டு ஒரு மாதமாகிறது. பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– சிறப்பாசிரியை, நாகர்கோவில்

கிராஃப் தாளில் கீழே நாள், பக்கத்தில் எண்ணிக்கை. திட்டம் தொடங்கிய நாளில் ஒரு நெடுங்கோடு. எண்ணிக்கையோடு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், காயம் உண்டா என்றும் குறியுங்கள். எண்ணிக்கை குறையாமலே நேரம் 20 நிமிடத்திலிருந்து 5க்கு இறங்கியிருந்தால் அது முன்னேற்றம்தான்.

கோடு அசையவில்லை என்றால் உடனே திட்டத்தை மாற்றாதீர்கள். ஒருநாள் அறிவிக்காமல் ஒவ்வொரு ஷிப்டிலும் போய்ப் பாருங்கள்: அட்டை வாசலில் தொங்குகிறதா, அலமாரியில் பத்திரமாக இருக்கிறதா? தொட்டதும் கொடுக்கிறார்களா? இரவுப் பணியாளருக்குத் திட்டத்தை யாராவது சொன்னார்களா? எல்லோரும் ஒழுங்காகச் செய்தும் இரண்டு வாரம் அசைவில்லை என்றால் காரணம் பற்றிய உங்கள் யூகம் தவறு. மூன்று கட்ட நோட்டை மறுபடி எடுங்கள். அதற்குப் பிறகும் பிடிபடாவிட்டால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரை அணுகுங்கள்; சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. போகும்போது அந்த நோட்டும் கிராஃப் தாளும் கையில் இருக்கட்டும்.