தலைக்கு ஒரு ஓமர்: மாதக் கடைசியில் விசுவாசம் ஏன் தளர்கிறது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: "தேவன் அனுதினமும் பராமரிக்கிறார் என்று ஞாயிறு ஆராதனையில் நம்ப முடிகிறது. 25ஆம் தேதி தாண்டிவிட்டால், கடன் தவணைக்கு என்ன செய்வது என்ற பயத்தில் எல்லாம் போய்விடுகிறது. வேலை மாறலாமா என்று மூன்று மாதமாக ஜெபிக்கிறேன், பதிலே இல்லை. நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் தந்த ஆகாரமாகிய மன்னா தலைக்கு ஒரு ஓமர். ஓமர் என்பது எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு என்று 36ஆம் வசனம் சொல்கிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். ஒருவர் ஒரு நாள் வயிறாரச் சாப்பிடலாம். வெயில் ஏறினால் உருகிவிடும் என்பதால் விடிந்ததுமே போய்ப் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறும். ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், அது ஓய்வுநாளில் கெடாது. பங்கு கஞ்சத்தனமாக அளக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். காலம்தான் குறுக்கப்பட்டது. 40 வருஷமும் எந்தக் கூடாரத்திலும் ஒரு மாத இருப்பு இருந்ததில்லை. 25ஆம் தேதி வரும் பயமும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது: கையில் இருப்பது இன்றைய பங்கு, கண் தேடுவது அடுத்த முப்பது நாளின் பங்கை.

அப்படியானால் சேமிப்பே தப்பா என்று உடனே கேட்பீர்கள். இல்லை. யோசுவா 5:12ஐப் பாருங்கள். கானானுக்கு வந்துசேர்ந்து அந்தத் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உழுது, விதைத்து, அறுத்துத்தான் சாப்பாடு. எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்ததும் தேவன் காட்டிய வழியில்தான். பட்ஜெட் போடுவதும் அவசரத்துக்கு எடுத்து வைப்பதும் அவிசுவாசம் என்று யாராவது பிரசங்கித்தால் அவர் வேதத்தைப் பாதி வாசித்திருக்கிறார். அன்று நாறிப்போனது, வைக்கக்கூடாது என்று சொன்ன பிறகும் நாளைக்கு வராமல் போய்விடுமோ என்று ஒளித்து வைத்த மன்னா.

பராமரிப்பு எந்த வழியாக வருகிறது என்பதற்கு ரூத் 2ஆம் அதிகாரத்தைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. அவள் சாயங்காலம்வரை கதிர் பொறுக்கி, அதைத் தட்டி அடித்துத் தீர்த்தபோது கிடைத்தது, எபிரெயத்தில் உள்ளபடி, ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. அதாவது பத்து ஓமர். ரூத்தும் மாமியார் நகோமியும் இரண்டு பேர் என்றால், மன்னா கணக்கில் ஐந்து நாள் ஆகாரம். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே என்ற லேவியராகமச் சட்டம் இருந்தது, அதைக் கடைப்பிடித்து அதற்கு மேலும் இரங்கிய வயல்காரர் போவாஸ் இருந்தார், குனிந்து பொறுக்கிய ஒருத்தியின் முதுகு இருந்தது. மூன்றும் சேர்ந்ததுதான் பராமரிப்பு. சம்பளம், ரேஷன் அரிசி, அண்ணன் அனுப்பிய பணம் இவையெல்லாம் "சாதாரணமாக வந்தது", ஆச்சரியமாக வந்தது மட்டும் "கர்த்தர் தந்தது" என்று பிரித்துவிட்டால், வருஷத்தில் 360 நாள் அவர் உங்களைக் கைவிட்டதாகவே தோன்றும்.

இனி நீங்கள் கேட்ட நடைமுறைக்கு வருவோம். இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். காலையில் இருபது நிமிடம் போதும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் வசனம், பிறகு ஜெபம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், எழுந்ததும் ஜெபத்தில் இறங்கினால் முதல் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ மனம் அலைவதிலேயே கழிகிறது என்று கண்டு, 1841இல் இந்த வரிசையை மாற்றிக்கொண்டார். ஒரு சிறு பகுதியை வாசித்து, அதையே அசைபோட்டு, அதிலிருந்து ஜெபத்துக்குப் போவது. பயத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நேராக ஜெபிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடம் கவலையைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதன் பிறகு நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் இன்று தேவைப்படுவது, இன்று செய்ய முடிவது. வலப்பக்கம் இன்று செய்ய எதுவுமில்லாதது. "பண உதவி செய்யும் ஆண்டவரே" என்று பொதுவாக எழுத வேண்டாம். "28ஆம் தேதித் தவணைக்கு 4,200 ரூபாய் குறைகிறது" என்று எழுதுங்கள். தொகையும் தேதியும் இல்லாத ஜெபத்துக்குப் பதில் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இடப்பக்கத்தில் இருப்பதற்கு ஜெபமும் வேலையும், வலப்பக்கத்தில் இருப்பதற்கு ஜெபம் மட்டும். லூக்கா 11:3இல் "அன்றன்றும் எங்களுக்குத் தாரும்" என்று இருக்கிறதே, அந்த "அன்றன்றும்" என்ற சொல்தான் அந்த நடுக்கோடு. இரவில் ஐந்து நிமிடம்: என்ன வந்தது, யார் வழியாக வந்தது, என்ன வரவில்லை. வராததையும் கட்டாயம் எழுதுங்கள். சாட்சி சொல்லத் தோதானவற்றை மட்டும் எழுதிவைத்த நோட்டை மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், அது உங்களுக்கே நம்பும்படி இருக்காது.

முல்லரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். 1836இல் வாடகை வீட்டில் தொடங்கிய வேலை, 1870க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய இல்லங்களாக, 2,050 பிள்ளைகளுக்கு இடமுள்ளதாக வளர்ந்தது. யாரிடமும் பணம் கேட்கவில்லை, தேவனிடம் மட்டுமே கேட்டார். இது எல்லோருக்கும் தெரிந்தது. விட்டுப்போவது இது: அவர் கடன் வாங்கவில்லை. 1838ஐ ஒட்டிய நெருக்கடி ஆண்டுகளில், ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக் கணக்கு வைத்துக் கொடுத்த பழக்கத்தையும் நிறுத்தி, கையில் காசு இருந்தால் மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்தார். பற்றாக்குறை நாட்களில் உடன் வேலை செய்தவர்கள் தங்கள் கைக்காசையும் பொருளையும் கொடுத்திருக்கிறார்கள். நன்கொடைக்கு ரசீது, வரவு செலவுக்கு ஆண்டறிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. 1841 கடைசியில் கையில் எதுவும் இல்லாத வேளையில், ஆண்டுக் கூட்டம் நடத்தினால் நிலைமையைச் சொல்லி மறைமுகமாகக் கேட்டது போலாகும் என்று அந்தக் கூட்டத்தையே தள்ளிப்போட்டார். நம்மூர்ப் பக்கம், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் மிஷனரி ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளுக்காக நடத்திய ஊழியத்திலும் பணம் கேட்பதில்லை என்ற ஒழுங்கு இருந்தது.

ஆகவே தவணையில் பொருளை எடுத்துவிட்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதற்கு முல்லரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஏற்கெனவே எடுத்த கடனா? அதை அடைப்பது கீழ்ப்படிதலில் சேரும். தேதி தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லி, தவணையை நீட்டவோ குறைக்கவோ முடியுமா என்று கேளுங்கள். தவறிய பிறகு போனால் அபராதமும் சேரும், பேச்சுக்கும் மதிப்பிருக்காது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், முக்கியமாக மொபைல் செயலிக் கடன், வேண்டாம். "விதை காணிக்கை போடுங்கள், தவணை அடையும்" என்று சொல்லும் ஊழியக்காரரிடமிருந்து தள்ளியே இருங்கள். தவணைப் பணம் நீங்கள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது. காணிக்கை பெட்டியில் போட அது உங்களுடையதே இல்லை.

வேலை மாறுவது பற்றி. மூன்று மாதமாகப் பதில் இல்லை என்கிறீர்கள். எந்த வடிவில் பதிலை எதிர்பார்த்தீர்கள்? அப்போஸ்தலர் 16இல் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்ட பவுலுக்கு ஆசியா என்ற மாகாணத்தில் தடை, பித்தினியாவில் தடை, பிறகு துரோவாவில், மக்கெதோனியாவுக்கு வரும்படி ஒருவன் அழைக்கும் தரிசனம். பத்தாம் வசனத்தில் தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான், ஆனால் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் இருக்கிறது. தரிசனம் கிடைத்த பிறகும் கூடச் சேர்ந்து யோசித்துத்தான் முடிவு எடுத்திருக்கிறார்கள்.

முல்லர் முடிவெடுத்த வரிசையும் இதற்கு நெருக்கமானது. முதலில் அந்த விஷயத்தில் தன் விருப்பம் ஒரு பக்கம் சாயாத நிலைக்கு வருவது. சிக்கலில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் அனுபவம். பிறகு, வெறும் உணர்ச்சியை நம்பாதிருப்பது. வேதவசனத்தோடு சேர்த்தே ஆவியானவரின் நடத்துதலைத் தேடுவது. சூழ்நிலைகளைக் கணக்கில் எடுப்பது. வெளிப்படுத்தும்படி ஜெபிப்பது. கடைசியில் தன் அறிவுக்கு எட்டியமட்டும் ஒரு முடிவுக்கு வந்து, இன்னும் இரண்டு மூன்று முறை ஜெபித்தும் மனம் அமைதியாக இருந்தால் அதன்படி செய்வது.

உங்கள் விஷயத்தில் முதல் படியைச் சோதிக்க ஒரு வழி: புது வேலை கிடைக்காது என்று நாளைக் காலையில் தெரிந்தால் என்ன உணர்வீர்கள் என்று எழுதுங்கள். கோபம் வந்தால், நீங்கள் இதுவரை ஜெபித்தது ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு அனுமதி கேட்டுத்தான். அடுத்து கையில் வரும் சம்பளம், பயண நேரம், ஞாயிறு விடுப்பு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் எழுதி, உங்கள் சபையில் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய இரண்டு பேரிடம் காட்டுங்கள். முடிவுக்கு ஒரு தேதியும் குறியுங்கள். தேதியில்லாத காத்திருப்பு பல நேரம் பயத்துக்குப் போட்ட பக்திச் சட்டை.

ஆட்டுத்தோலை இரவில் வெளியே போட்டு, அதில் பனி பெய்கிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனைப் போல் நாமும் தோல் போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். "போ" என்ற வார்த்தை கிதியோனுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. தோல் அவருடைய தயக்கத்துக்காக. புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையையும் வேலை நியமனக் கடிதம் போல வாசிக்காதீர்கள். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற எரேமியா 29:11 பலருடைய அட்டையில் வரும். அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது, ஐந்தாம் வசனம் சிறைப்பட்டுப் போன பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. மொராவிய சபையார் 1731 முதல் அச்சிட்டு வரும் தினவசனப் புத்தகத்துக்கும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அன்று எல்லோரும் ஒரே வசனத்தைத் தியானிக்க அது. இன்னாருக்கு இன்ன வேலை என்று சொல்ல எடுப்பதில்லை.

முடிவெடுத்து மாறிய பிறகு புது இடத்தில் கஷ்டம் வந்தால், நடத்துதலைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று உடனே தீர்மானிக்க வேண்டாம். அந்தத் தரிசனத்தின்படி மக்கெதோனியாவின் பிலிப்பிக்குப் போன பவுலுக்கும் கூடப்போன சீலாவுக்கும் கிடைத்தது அடியும், சிறையில் கால்களை மாட்டும் தொழுமரமும்.

இன்னொன்று. பல வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் நோட்டையும் ஜெபத்தையும் கூட்டிக்கொண்டே போகாமல் மருத்துவரைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19இல் சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் எதையும் விளக்கவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் பேச்சு நடந்தது நாற்பது நாள் கழித்து.