டீ நேரப் பேச்சை மேலாளரிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அண்மையில் பதவி உயர்வு பெற்று சீனியர் அக்கவுண்டன்ட் ஆனேன். எங்கள் பிரிவில் உள்ளவர்கள் டீ நேரத்தில் பொது மேலாளரைக் கேலி செய்வது வழக்கம். "முதலாளி வீட்டுச் சொந்தம், அதனால்தான் அந்த நாற்காலி" என்பார்கள். அவரைப் போலவே பேசி நடித்துக் காட்டுவார்கள். போன வாரம் ஒருவர், "ஃபவுண்டரி பில்லில் அவர் போட்ட கையெழுத்து ஆடிட்டில் மாட்டத்தான் போகிறது" என்றார். இந்நிலையில் பொது மேலாளர் என்னைத் தனியே அழைத்து, "பிரிவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவ்வப்போது சொல்லுங்கள்" என்கிறார். சொல்லாவிட்டால் விசுவாசமில்லாதவள் ஆகிவிடுவேனா? சொல்லிவிட்டு, பல ஆண்டுகளாகக் கூட வேலை பார்த்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பதில்: நீங்கள் மூன்று பேச்சுகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் இரண்டு ஓர் ஆளைப் பற்றியவை. மூன்றாவது ஒரு பில்லைப் பற்றியது. முதல் இரண்டையும் நீங்கள் யாரிடமும் கொண்டுபோக வேண்டியதில்லை. மூன்றாவதில், அதைச் சொன்னவர் யார் என்பதை விட்டுவிட்டு, அந்த பில்லை மட்டும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பேச்சு எவ்வளவு காரமாக இருந்தது என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் யாருக்காவது அடிபடுமா, நிறுவனத்தின் பணம் போகுமா, ஒருவரின் மானத்துக்கோ உயிருக்கோ கேடு வருமா என்று கேட்டுப் பார்த்தால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மேலதிகாரியைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் முணுமுணுப்பது ஒழுங்கீனம் ஆகாதா என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள்தாம் நம் தொழிற்சாலைகள் பலவற்றின் ஒழுங்கு விதிகளுக்கு நெடுங்காலம் அச்சாக இருந்தவை. அவற்றின் முறைகேட்டுப் பட்டியலில் வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, திருட்டு, மோசடி, லஞ்சம், வழக்கமாகத் தாமதமாக வருதல், ஒழுங்கைக் குலைக்கும் செயல் ஆகியவை உண்டு. மேலாளரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளுதல் என்று தனியாக ஒன்றுமில்லை. "ஒழுங்கைக் குலைக்கும் செயல்" என்ற தொடரை நிர்வாகங்கள் இழுத்துப் பொருத்தப் பார்ப்பது உண்மைதான். அப்படிப் பொருத்தப்பட்ட ஒரு வழக்கு 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், சக ஊழியர்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் குறைகூறிப் பதிவிட்டதற்காக அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருந்தது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். ஊழியர்களுக்கு நிர்வாகத்தின் மீது ஏதாவது மனக்குறை இருக்கத்தான் செய்யும், அதைக் கொட்டித் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, தனிப்பட்ட பேச்சாக இருக்கும்வரை நிர்வாகம் அதில் தலையிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நிறுவனத்தின் நற்பெயருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் நிலைமை வேறு என்பதையும் நீதிமன்றம் சொல்லத் தவறவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மஹிந்திரா அண்டு மஹிந்திரா நிறுவனத் தொழிலாளி ஒருவர் தம் மேலதிகாரியை, அவருக்குக் கீழே பணிபுரிபவர்கள் முன்னிலையில், ஒருமுறைக்கு இருமுறை ஆபாச வார்த்தைகளால் திட்டியதற்காகச் செய்யப்பட்ட பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005இல் சரியென்றே தீர்ப்பளித்தது. முகத்துக்கு நேரே அவமதிப்பதும் முதுகுக்குப் பின்னால் புலம்புவதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றல்ல. உங்கள் பிரிவில் நடப்பது இரண்டாவது வகை. ரசிக்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. குறிப்பாக, ஒருவர் பேசும் விதத்தை நடித்துக் காட்டிச் சிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் புகாருக்குரிய தரம் அதற்கு இல்லை.

சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். "உங்கள் பெயர் வெளியே வராது" என்று பொது மேலாளர் உறுதியளிக்கலாம், மனப்பூர்வமாகவே அளிக்கலாம். ஆனால் அந்த உறுதி, அவர் கேட்டதை மனதுக்குள் வைத்திருக்கும்வரைதான் செல்லும். அதை வைத்து ஒருவருக்கு மெமோ கொடுத்து, அது உள்விசாரணை வரை போய்விட்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம்மீதான சாட்சியம் என்ன என்று அறியவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் உரிமை உண்டு. அந்தச் சாட்சி நீங்கள்தான். விசாரணை அதிகாரி முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு டீ நேரத்தில் யார் எந்தக் குரலில் என்ன சொன்னார், அப்போது நீங்கள் சிரித்தீர்களா இல்லையா என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும். விசாரணை வரை போகாமல், ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நின்றுவிட்டால் அது இன்னும் மோசம். தம்மீது என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் ஒருவர் தண்டிக்கப்படுவார்; அந்த டீயைக் குடித்தவர்கள் நாலைந்து பேர் என்னும்போது, போட்டுக்கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒருநாள்கூட ஆகாது. மேலும், பேச்சு வாய்மாறும்போது தொனி கழன்றுவிடுகிறது. அலுப்பில் சொன்ன ஒரு வாக்கியத்தை ஏசி அறையில் நிதானமான குரலில் திருப்பிச் சொன்னால் அது சதியாலோசனை போலத்தான் ஒலிக்கும்.

இனி, பொது மேலாளர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? அவரைக் கெட்ட எண்ணம் கொண்டவராக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சொந்தக்காரர் என்பதால் வந்த பதவி என்ற பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருக்கும். தம்மை மதிக்கிறார்களா என்று அறிந்துகொள்ள வழி தெரியாமல், புதிதாக உயர்வு பெற்ற உங்களைப் பிடித்திருக்கிறார். அதற்காக அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியாது. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் வேண்டாம். "சார், வேலையில ஏதாவது சிக்கல் இருந்தா கண்டிப்பா உடனே உங்ககிட்ட சொல்லிடறேன். டீ குடிக்கறப்ப பேசறதை மட்டும் என்கிட்ட கேட்காதீங்க சார், அப்புறம் யாரும் என்கிட்ட வேலை விஷயத்தைக்கூட வாய் திறந்து சொல்ல மாட்டாங்க" என்று பணிவாகச் சொல்லலாம். இந்தப் பதிலில் மறுப்பும் இருக்கிறது, அவருக்கே பயன்படும் காரணமும் இருக்கிறது. "யாரும் எதுவும் பேசுவதில்லை சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய், அவருக்கும் அது பொய்யென்று தெரியும், நாளை உண்மையிலேயே முக்கியமான ஒன்றை நீங்கள் சொல்லப்போனால் எடுபடாது.

பதவி உயர்வு உங்கள் நிலையை ஓரளவு மாற்றியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். நேற்றுவரை நீங்கள் கேட்டுச் சிரித்திருக்கலாம். இன்று பிரிவின் மூத்தவர் சிரித்தால் அது ஒப்புதலாகிவிடும். எனவே மேலே சொல்லாமல் இருப்பதோடு உங்கள் பங்கு முடிவதில்லை. எல்லை மீறும்போது அந்த இடத்திலேயே, "அண்ணா, லீவு சாங்ஷன் லேட்டாகுதுன்னா அதைப் பேசலாம். அவர் பேசற மாதிரி பேசிக் காட்டறது வேண்டாமே, சப்ளையர் யாராவது காதுல விழுந்தா நம்ம எல்லாருக்கும்தான் அசிங்கம்" என்று சொல்ல உங்களுக்கு இப்போது உரிமை இருக்கிறது. அந்தப் புலம்பலில் விடுப்பு அனுமதி தாமதமாவது போன்ற நியாயமான குறை எதுவும் புதைந்திருந்தால், அதை உங்கள் சொந்தக் கருத்தாகவே பொது மேலாளரிடம் வையுங்கள். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று தொடங்காதீர்கள், அடுத்த கேள்வி "யார் யார்?" என்பதாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த பில்லுக்கு வருவோம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் இதைக் கேட்டும் கேளாததுபோல் கடந்துபோக முடியாது. ஃபவுண்டரியிலிருந்து (உலோக வார்ப்பாலை) வார்ப்புகள் வாங்கிய ஒரு பில்லைப் பாஸ் செய்ய, கொள்முதல் ஆணை, ஸ்டோர்ஸில் சரக்கு இறங்கியதற்கான வரவுச் சீட்டு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்கே வராமல் பில் மட்டும் பதிவாகியிருந்தால், பணம் போனது ஒருபுறமிருக்க, ஜிஎஸ்டி சட்டப்படி சரக்கைப் பெற்றிருந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியை, நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும் என்பதால் அந்த வரவும் தவறாகிவிடும். அதேசமயம், சரக்கு இரண்டு தவணையாக வந்து ஒரு சீட்டு கோப்பில் சேராமல் கிடப்பது போன்ற சாதாரணக் காரணமும் இருக்கக்கூடும். ஆகவே உங்கள் பொறுப்பில் உள்ள கோப்புகளில் மட்டும் பாருங்கள். அடுத்தவர் மேசையையும் கணினியையும் துழாவ வேண்டாம். சீட்டு இல்லை என்றால், உங்கள் நேரடி மேலாளருக்கு, "இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள பில்லுக்குச் சரக்கு வரவுச் சீட்டு கோப்பில் இல்லை, சரிபார்த்துத் தரவும்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். அதில் பொது மேலாளர் மீது குற்றச்சாட்டும் இருக்கக் கூடாது, டீ நேரத்தில் சொன்னவரின் பெயரும் இருக்கக் கூடாது. ஆதாரமில்லாமல் "முறைகேடு செய்தார்" என்று எழுதுவது உங்களையே அவதூறு வழக்கில் மாட்டிவைக்கலாம். சீட்டு இல்லை என்று எழுதுவதற்கு யாரும் வழக்குப் போட முடியாது.

நேரடி மேலாளர் கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்த படி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் நிறுவனங்களும், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்ற நிறுவனங்களும், ஊழியர்கள் இத்தகைய ஐயங்களைத் தெரிவிப்பதற்கென ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. தெரிவிப்பவரைப் பழிவாங்காமல் பாதுகாப்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. தனியார் நிறுவனமாயினும் உங்களுடையதுக்கு அந்த அளவு வங்கிக் கடன் இருந்தால் இது பொருந்தும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்வது கடினமல்ல.

கேலி என்ற பெயரில் வந்தாலும் சும்மா விட்டுவிடக் கூடாத பேச்சுகளும் சில உண்டு. "கேட்டுக்கு வெளியே வரட்டும், காட்டுகிறேன்" என்பது போன்ற மிரட்டலை அன்றே சொல்லிவிட வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒருவரின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது டீ நேரப் பேச்சு அல்ல, குற்றமாகக்கூடியது. பெண் அதிகாரி ஒருவரைப் பற்றிப் பாலியல் தொனியில் பேசினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் அமைக்கப்பட்டிருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்கலாம். ஆனால் அந்தப் புகாரைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பாதிக்கப்பட்ட பெண்ணுடையது. அவரிடம் தனியே விஷயத்தைச் சொல்லி, தேவைப்பட்டால் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்வதே முறை.

எந்தக் காரணத்துக்காகவும் பேச்சைக் கைப்பேசியில் ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் மனதில் இருக்கக்கூடிய ஒன்று: வேறொருவர் போய்ச் சொல்லிவிட்டு, "இந்த அம்மாவும் அங்கேதான் இருந்தார்" என்றும் சேர்த்துச் சொன்னால்? பொது மேலாளர் அழைத்துக் கேட்டால் மறுக்க வேண்டாம். "இருந்தேன் சார். வேலையைப் பாதிக்கிற எதையும் நான் மறைக்கலை, அந்த மாதிரி இருந்தா எழுத்திலேயே கொடுத்திருக்கேன். மத்தது யார் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களைப் பத்தி நாலு பேர் என்கிட்ட கேட்டாலும் இதையேதான் சொல்வேன் சார்" என்று சொல்லுங்கள். முதல் தடவை அவர் முகம் கடுக்கலாம். அன்றைய தேதியையும் அவர் கேட்டதையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் உங்கள் மதிப்பீட்டில் காரணமில்லாமல் கைவைத்தால் மனிதவளப் பிரிவில் பேச அது உதவும்.