கிரப்பில் உயிரோடு இருந்த கீபோர்ட் லொகினில் செத்தது ஏன்?

கேள்வி: உப்புவெளியில் பின்னேர கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். பழைய லப்டொப் ஒன்றில் லினக்ஸ் ஓடுகிறது, ராம் 4 ஜிபிதான். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலைச் சிறிதாக்கலாம் என்று நண்பரின் டெஸ்க்டொப்பில் வைத்து, லோகல்மொட்கொன்பிக் கட்டளையால் சுருக்கிக் கம்பைல் செய்தேன். லப்டொப்பில் பிஎஸ்2 என்ற பழைய கீபோர்ட் வட்டத் துளை இல்லாததால் அது சம்பந்தப்பட்ட தெரிவுகளையும் எடுத்துவிட்டேன். எந்தக் கேர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் அம்புக்குறி நகர்கிறது. லொகின் திரை வந்ததும் லப்டொப்பின் கீபோர்டும் டச்பாட்டும் அசைவதில்லை. யுஎஸ்பி கீபோர்ட் கொழுவினால் எழுத்து விழுகிறது. டவுனில் ஒரு ரிப்பெயர் கடையில், "உப்புக்காத்து தின்டிட்டு, கீபோர்ட் மாத்தோணும்" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? கேர்னலில் தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பது எந்த இடத்தில் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: மாற்ற வேண்டாம், காசை வைத்திருங்கள். கடைக்காரரிலும் பிழை சொல்ல மாட்டேன். திருகோணமலையில் ஜன்னல் திறந்த அறையில் கிடக்கும் எந்த மெஷினுக்கும் உப்புக்காற்றுதான் முதல் சந்தேகம். ஆனால் கிரப்பில் அம்புக்குறி நகர்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். துருப்பிடித்த கீபோர்டுக்கு கிரப் வேறு, லொகின் வேறு என்று தெரியாது. செத்தால் இரண்டிலும் சாகும்.

கிரப் ஓடும்போது கீபோர்டைப் படிப்பது லினக்ஸ் அல்ல, மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயோஸ் மென்பொருள். நம்மூர்த் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் வெளிக்கிடும்போது பைலட் ஏறி வாயைத் தாண்டும் வரை வழிகாட்டுவார். பிறகு சிறு படகில் இறங்கித் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு கப்பலை ஓட்டச் சொந்த மாலுமிகள் வேண்டும். பயோஸும் கேர்னல் பொறுப்பெடுத்த உடனே இறங்கிவிடுகிறது. நீங்கள் டிரைவர் (சாதனத்தை இயக்கும் சிறு நிரல்) என்ற மாலுமி இருவரைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலை எடுத்திருக்கிறீர்கள்.

முதலாமவர் பிஎஸ்2. வட்டத் துளை இல்லை என்பது சரி. ஆனால் லப்டொப்களில் பெரும்பாலானவற்றின் உள் கீபோர்ட் இன்றைக்கும் அந்தப் பாஷைதான் பேசுகிறது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி மெஷினில் கீபோர்டைக் கவனிக்க இன்டெல் 8042 என்ற சிப்பை வைத்தார்கள். பிஎஸ்2 என்ற பெயர் 1987இல் வந்த ஐபிஎம் வரிசையிலிருந்து ஒட்டிக்கொண்டது. தனிச் சிப்பாக 8042 மறைந்துவிட்டது. ஆனால் லப்டொப்பின் மின்சாரம், விசிறி போன்றவற்றைப் பார்க்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்னச் சிப், அதே பழைய 8042 போல நடித்துக்கொண்டிருக்கிறது. அதே 60, 64 என்ற ஹெக்ஸ் போர்ட் எண்கள், அதே 1ஆம் இன்டரப்ட் (சாதனம் சிபியுவை அழைக்கும் சைகை). துளை போய்விட்டது, பாஷை போகவில்லை.

ஆகவே கேர்னலின் தெரிவு மெனுவான மெனுகொன்பிக்கில் டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் இன்புட் டிவைஸ் சப்போர்ட், அதற்குள் கீபோர்ட்ஸ் என்று போய் ஏடி கீபோர்ட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதைத் தெரிந்தால் ஐ8042 கன்ட்ரோலர் தானாகவே கூட வரும். மெனுவில் தொலைந்துபோனால் சாய்கோட்டு விசையை அழுத்தி 8042 என்று தேடலாம். (கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் போடுங்கள்.)

இதை எம் என்று மொடியூலாகவா (தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டு), நட்சத்திரம் போட்டுக் கேர்னலுக்குள்ளேயா வைப்பது? கீபோர்டை மட்டும் நான் எப்போதும் உள்ளேதான் வைப்பேன். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் பாஸ்வேர்ட் கேட்பது பூட்டின் மிகத் தொடக்கத்தில், இனிட்ராம்எப்எஸ் என்ற சிறு தொடக்கப் பொதி ஓடும் கட்டத்தில். மொடியூல் அந்தப் பொதிக்குள் சேராவிட்டால் பாஸ்வேர்ட் தெரிந்தும் தட்ட முடியாது. பூட் இடையில் உடைந்து ரெஸ்கியூ ஷெல் என்ற பழுதுபார்க்கும் கட்டளைத் திரையில் விழுந்தாலும் அதே கதை. ஐ8042, ஏடி கீபோர்ட், எச்ஐடி (கீபோர்ட், மவுஸ் போன்றவற்றின் பொது வகை), யுஎஸ்பி எச்ஐடி, யுஎஸ்பி 3க்கான எக்ஸ்எச்சிஐ ஆகியவற்றுக்கு நட்சத்திரம் போட்டால் கேர்னல் ஒன்றும் ஊதிப்போகாது. யுஎஸ்பி பகுதியில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பூட் புரோட்டோகோல் டிரைவர் என்று தனித்தனியே தென்பட்டால் தொடவேண்டாம். அவை மிகச் சிறிய தேவைகளுக்கு உரியவை, பொது எச்ஐடி டிரைவர் இருக்கும் இடத்தில் தேவையில்லை.

கரையில் விட்ட இரண்டாமவர் டச்பாட். அவரை விட்டது பெரும்பாலும் லோகல்மொட்கொன்பிக். அந்தக் கட்டளை செய்வது ஒன்றுதான்: அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களைப் பார்த்து, ஏற்றப்படாத மற்றவற்றை வெட்டுகிறது. நீங்கள் அதை ஓட்டியது நண்பரின் டெஸ்க்டொப்பில். அங்கே டச்பாட் ஏது? யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் கொழுவியிருந்திருக்கும், அதனால்தான் யுஎஸ்பி மட்டும் தப்பியது.

டச்பாட் எந்த வழியால் பேசுகிறது என்று தெரியாமல் கண்ட கண்ட தெரிவுக்கெல்லாம் புள்ளி போட வேண்டாம். கிரப்பில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய்ப் பழைய கேர்னலில் பூட் செய்யுங்கள். (பழையதை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) புரொக் அடைவுக்குள் பஸ், அதற்குள் இன்புட், அதற்குள் டிவைசஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பந்தி இருக்கும். டச்பாட்டுக்குரிய பந்தியில் பி எழுத்தில் தொடங்கி, பிஸ் என்று சொல்லும் வரியில் சீரியோ1 என்று இருந்தால் அதுவும் பிஎஸ்2 வழிதான். மைஸ் பகுதியில் பிஎஸ்2 மவுஸைத் தெரிந்து, அதற்குக் கீழே சினாப்டிக்ஸ், ஆல்ப்ஸ், ஈலான்டெக் என்று வரும் கிளைகளையும் விட்டுவையுங்கள். கிளையை வெட்டினால் டச்பாட் வெறும் மவுஸாக ஓடும். சுட்டி நகரும், இரண்டு விரலால் பக்கத்தை இழுக்க முடியாது.

அந்த வரியில் ஐ2சி (சிப்புகள் பேசும் இன்னொரு வழி) என்று இருந்தால் வேலை கொஞ்சம் கூட. நாலு டிரைவர் வரிசையாகக் கைகோக்க வேண்டும். முதலில் ஐ2சி கன்ட்ரோலர்: இன்டெல் மெஷின்களில் டிசைன்வெயார் என்ற பெயரிலும் இன்டெல் எல்பிஎஸ்எஸ் என்ற பெயரிலும் வரும். பிறகு ஐ2சி எச்ஐடி, அதிலும் ஏசிபிஐ என்று முடியும் தெரிவு. பிறகு எச்ஐடி மல்டிடச். நாலாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: பின் கன்ட்ரோல் (பின் என்பது சிப்பின் கால்). விரல் பட்டதைச் சொல்லும் இன்டரப்ட், சிப்செட்டின் ஜிபிஐஓ எனும் பொதுப் பின் வழியாக வருகிறது. அந்தச் சிப்செட்டுக்குரிய பின் கன்ட்ரோல் டிரைவர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் டச்பாட் கட்டையாகவே கிடக்கும். இன்டெல் 6ஆம், 7ஆம் தலைமுறை லப்டொப் என்றால் சன்ரைஸ்பொயின்ட் என்ற பெயரைத் தேடுங்கள். ஏஎம்டி என்றால் பின் கன்ட்ரோல் பட்டியலில் ஏஎம்டி என்றே இருக்கும்.

இந்தத் தலையிடியே வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. லப்டொப்பைப் பழைய கேர்னலில் ஓடவிட்டு, உங்களிடம் இருக்கும் மவுஸ், டொங்கிள், பென் டிரைவ், ஹெட்செட் எல்லாவற்றையும் ஒருமுறை கொழுவுங்கள். பிறகு ஏற்றப்பட்ட மொடியூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மொட் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் போட்டு, லப்டொப்பின் பூட் அடைவில் இருக்கும் கொன்பிக் கோப்போடு சேர்த்து நண்பரின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கொன்பிக் கோப்பை டொட் கொன்பிக் என்ற பெயரில் சோர்ஸ் அடைவுக்குள் வையுங்கள். மேக் கட்டளைக்கும் லோகல்மொட்கொன்பிக்குக்கும் நடுவே எல்எஸ்மொட் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, சமன் குறியிட்டு, அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். கம்பைல் நடப்பது வேகமான டெஸ்க்டொப்பில், வெட்டுவது லப்டொப்பின் அளவுக்கு. வகுப்புக்கு அடுத்த மாதம் புதிதாக ஏதும் வாங்கினால் அதன் டிரைவர் இதில் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பெயரையும் சரிபாருங்கள்: ஈவென்ட் இன்டர்பேஸ், சுருக்கமாக ஈவ்டெவ். டெக்ஸ்ட் திரைக்கு இது தேவையில்லை, டெஸ்க்டொப் எனப்படும், ஜன்னல்கள் வரும் படத் திரைக்குக் கட்டாயம். உங்கள் லொகின் திரை படத் திரை என்றால், அதில் யுஎஸ்பி கீபோர்ட் வேலை செய்வதால் அது இருக்கிறது. டெக்ஸ்ட் திரையில் எழுத்து விழுந்து, டெஸ்க்டொப் வந்ததும் எல்லாமே நின்றுவிடும் மெஷின் யாரிடமாவது இருந்தால் அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

புதுக் கேர்னலில் பூட் செய்ததும் அதே டிவைசஸ் கோப்பைத் திறவுங்கள். ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்ட் என்ற பெயர் இருந்தால் உங்கள் உள் கீபோர்ட் வந்துவிட்டது. ஈவ்டெஸ்ட் என்ற கட்டளையில் அதைத் தெரிந்து ஏ விசையை அழுத்தினால் 30 என்ற எண் வரவேண்டும். பெயர் வந்தும் விசைகள் சில மட்டும் பேசாமல் இருந்தால், அப்போது கடைக்காரர் சொன்ன உப்புக்காற்றை நினைக்கலாம்.

அந்த 30இல்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. கேர்னல் டெஸ்க்டொப்புக்குக் கொடுப்பது எழுத்து அல்ல, விசையின் எண். அது ஆங்கில ஏயா, ரெங்கநாதன் விசைப்பலகையில் அந்த இடத்தில் இருக்கும் தமிழ் எழுத்தா என்று தீர்மானிப்பது மேலே ஓடும் எக்ஸ்கேபி என்ற விசை அமைப்பும் ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறைகளும். டெஸ்க்டொப்பின் கீபோர்ட் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், கேர்னலைத் திரும்பக் கம்பைல் செய்யத் தேவையில்லை.