ஜீப்பில் சென்டர் போல்ட் அடிக்கடி உடைகிறது. இன்னும் கெட்டியான போல்ட் போட்டால் சரியாகுமா?

கேட்டவர் வைத்திருப்பது பழைய மஹிந்திரா ஜீப். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறுவது போன்ற கற்பாதைகளில் போனால் பின்பக்கக் கமான் பட்டாவின் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே போகும் சென்டர் போல்ட் உடைந்துவிடுகிறதாம்.

கெட்டியான போல்ட் போட்டால் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது யூ போல்ட்டை, அதாவது பட்டாக் கட்டை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் U வடிவப் போல்ட்டை.

சென்டர் போல்ட்டுக்கு இரண்டே வேலை. பட்டாக்களை ஒரே கட்டாகச் சேர்த்து வைப்பது ஒன்று. அதன் தலை சீட்டின் (ஆக்ஸிலில் பட்டா உட்காரும் மேடை) துளைக்குள் உட்கார்ந்து, ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்துவது இன்னொன்று. வண்டியைத் தள்ளும் விசையும் பிரேக் விசையும் அதன் மேல் வரவே கூடாது. யூ போல்ட்டின் இறுக்கத்தால் பட்டாவுக்கும் சீட்டுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் அதையெல்லாம் தாங்குகிறது. 12 மி.மீ. பருமனும் 8.8 வலிமைத் தரமும் உள்ள யூ போல்ட்டின் ஒரு காலைச் சரியாக முறுக்கினால் சுமார் மூன்றரை டன் அழுத்தம் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு நான்கு கால், கணக்குப் போட்டுப் பாருங்கள். நட் தளர்ந்தால் இந்த அழுத்தம் போய்விடும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம், கிளட்சை விடும்போதெல்லாம் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகர்ந்து, விரல் பருமன்கூட இல்லாத அந்தப் போல்ட்டைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும்.

பட்டாவின் நடுத்துளையைப் பெரிதாக்கித் தடித்த சென்டர் போல்ட் போடச் சொல்லும் பட்டறைக்காரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டாவிலேயே பலவீனமான இடம் அந்தத் துளைதான். யூ போல்ட் தளர்ந்திருந்தால் மெயின் பட்டாவே அங்கே முறியும். மலைமேல் அது நடந்தால் சென்டர் போல்ட் உடைந்ததே தேவலை என்று தோன்றும். போல்ட் தலையைப் பட்டாவோடு வெல்டிங் வைப்பது இன்னும் மோசம், சூடு பட்ட இடத்தில் பட்டாவின் பதம் போய்விடும்.

சரி, யூ போல்ட் ஏன் தளர்கிறது? பெரும்பாலும் பழையதையே மறுபடி மாட்டுவதால்தான். ஒருமுறை நன்றாக இறுக்கிய யூ போல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும், திரும்ப அதே பிடி வராது. பட்டாவைக் கழற்றினால் புது யூ போல்ட், புது நட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கம்பியைச் சூடாக்கி வளைத்துத் தருவதை வாங்காதீர்கள். சீட்டிலும் யூ போல்ட் நட் உட்காரும் பிளேட்டிலும் கனமான பெயின்ட், துரு, மண் இருந்தால் சுரண்டிவிடுங்கள். ஓட ஓட அது நசுங்கி இறுக்கம் குறையும். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை. இந்த மறுமுறுக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து சீட்டின் துளை. ஏற்கெனவே போல்ட் உடைந்த வண்டி என்றால் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சீட்டை மாற்றுங்கள், இல்லை நல்ல லேத்தில் புஷ் (உள்வளையம்) போட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். புதுப் போல்ட்டின் தலை துளையின் ஆழத்தைவிட உயரமாக இருந்தால் கட்டு முழுவதும் சீட்டில் படியாமல் தலைமேல் நிற்கும். நட் இறுகியதுபோலக் கைக்குத் தெரியும், பிடி இருக்காது.

வண்டியை உயர்த்த ஆக்ஸிலுக்கும் பட்டாவுக்கும் நடுவே பிளாக் (இரும்புக் கட்டை) வைத்திருக்கிறீர்களா? அந்த உயரம் கூடக்கூட ஆக்ஸில் உருளப் பார்க்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவே வேண்டாம்.

ஓட்டும் விதமும் முக்கியம். சக்கரம் காற்றில் சுழன்று சட்டென்று பாறையைப் பிடிக்கும் அந்த அடிதான் கொடியது. துள்ளும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், லோ கியரில் ஊர்ந்து ஏறுங்கள்.

உடையப்போவது முன்கூட்டியே தெரியும். சீட்டின் ஓரத்தில் செம்பழுப்புத் துருப்பொடி, ரிவர்ஸ் போட்டு நகரும்போது 'டக்' என்ற சத்தம், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மட்கார்டை நெருங்கி நிற்பது. சந்தேகம் வந்தால் முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பாதையிலேயே உடைந்தால் யூ போல்ட் நட்டை இறுக்கி, ஆக்ஸிலைச் சங்கிலியாலோ பெல்ட்டாலோ சேசிஸோடு இழுத்துக் கட்டி, நடை வேகத்தில் இறங்குங்கள். சரியான அளவில் இரண்டு சென்டர் போல்ட், ஒரு ஜோடி யூ போல்ட், ஒரு சி-கிளாம்ப் வண்டியிலேயே கிடக்கட்டும். கிளாம்ப் இல்லாமல் கட்டைப் பிரித்தால் பட்டாக்கள் விரிந்து கையைப் பதம் பார்க்கும்.