'ஸ்டெம் செல்' என்று பெயர் போட்ட பட்டம் வேண்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்டெம் செல் (பெருகிப் பிற வகைச் செல்களாகவும் மாறக்கூடிய மூல செல்) பெயரில் ஒரு தனியார் கல்லூரி நடத்தும் இளநிலைப் படிப்பில் மகளைச் சேர்க்கலாமா என்பது ஒன்று. அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிக் கெடும் நோய், என்பதால்தான் அவள் கல்லீரல் ஆராய்ச்சி என்று பிடிவாதமாக நிற்கிறாளோ என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில்: அந்தப் படிப்பு வேண்டாம். அவள் ஆசையில் குறையில்லை. ஆனால் அந்தத் துறையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிடும். இது 1931-இலேயே தெரியும். அதைச் செய்வது எந்த செல் என்பதில்தான் சண்டை. 1956-இல் ஃபார்பர் என்பவர், புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் கொடுத்த எலிகளில் முட்டை வடிவச் சிறு செல்கள் பெருகுவதைக் கண்டார். இவைதான் கல்லீரலின் ஸ்டெம் செல்கள், புற்றும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது என்று பலர் வெகுகாலம் நம்பினார்கள். அப்புறம் ஒரு செல்லுக்கு அடையாளம் போட்டு அதன் வாரிசுகளைப் பின்தொடரும் முறை வந்தது. சுண்டெலிகளில் பார்த்தால், புற்று பெரும்பாலும் முதிர்ந்த கல்லீரல் செல்லிலிருந்தே கிளம்பியிருந்தது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டில் ரோல் நுஸ்ஸே குழு, கல்லீரலின் ஒவ்வொரு சிறு கூறின் நடுவிலும் ஓடும் மையச் சிரையை ஒட்டிய செல்கள்தான் ஸ்டெம் செல் போல நடந்துகொள்கின்றன என்றது. 2021-இல் வேறு இரண்டு குழுக்கள், இல்லை, அந்தச் சிரைக்கும் கூறின் ஓரத்துக்கும் இடைப்பட்ட செல்களுக்குத்தான் பெரிய பங்கு என்று காட்டின. இதற்கிடையில் 2017-இல் எடின்பரோவில், கல்லீரல் செல்கள் பிரிய முடியாமல் போகும்போது பித்தநாளச் செல்கள் கல்லீரல் செல்களாக மாறுவதைச் சுண்டெலியில் பார்த்தார்கள். சிரோசிஸிலும் கல்லீரல் செல்கள் பிரியும் திறனை இழப்பதால், அந்த நோய்க்கு மிகவும் வேண்டிய செய்தி இதுதான் என்பது என் எண்ணம்.

இத்தனை முறை புரண்டு படுத்த துறையில், பதினேழு வயதில் ஒரு சின்னக் கிளையின் பெயரோடு பட்டம் வாங்குவதில் என்ன லாபம்? உயிர்வேதியியல், விலங்கியல், பயோடெக்னாலஜி, இதில் ஏதாவது ஒன்றை நல்ல ஆய்வகம் உள்ள கல்லூரியில் படிக்கட்டும். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வையும் எழுதலாம், திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. கூடவே பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அதன் மரபணுச் செயல்பாட்டைப் படிக்கும் வேலை இன்று பாதி கணினியில்தான் நடக்கிறது. எம்.எஸ்ஸி.க்கு ஜாம், காட்-பி, பிஎச்.டி.க்கு நெட் என்று நுழைவுத் தேர்வுகள் உண்டு. கல்லீரல் என்று குறுக வேண்டியது அங்கேதான். வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, டெல்லியில் கல்லீரலுக்கென்றே ஐ.எல்.பி.எஸ். இருக்கிறது.

பணம்? பிஎச்.டி. மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நிலையான வேலை கிடைக்க முப்பது வயதாகிவிடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பேராசிரியர் வேலை மட்டுமே குறி என்றால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் மருந்து நிறுவனங்களுக்குக் கல்லீரல் செல் வளர்க்கத் தெரிந்தவர்கள் தேவை. ட்ரோக்ளிடசோன் என்ற சர்க்கரை நோய் மருந்து கல்லீரலைக் கெடுத்ததால் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அப்படி நடக்காமல் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் வேலைகள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் உண்டு.

இரண்டாவது கேள்வி. வீட்டு நோய் கொடுத்த ஆர்வம் பலருக்கு நீடிக்கவே செய்கிறது. ஆனால் அவள் செய்யப்போகும் ஆராய்ச்சி அப்பாவுக்கு மருந்தாக வந்து சேரும் என்று நினைக்க விடாதீர்கள். இதை நேராகச் சொல்லிவிடுங்கள், முகம் வாடினாலும் பரவாயில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சிரோசிஸ் சரியாகும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் பணம் கட்டாதீர்கள். ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் முறையான மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல். அவள் அப்பாவுக்கு எது சரி என்பதைக் கல்லீரல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லூரியிலிருந்து மறுபடி போன் வந்தால், செல் வளர்ப்பு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே எம்.எஸ்ஸி. சேர்ந்தார்கள் என்றும் கேளுங்கள். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.