லாங் ஜூம்ல நாரை ஏன் மங்குது?

கேள்வி: வேட்டங்குடி கண்மாயில மத்தியானம் 2000 எம்.எம். ஜூம்ல நாரையை எடுத்தேன், இறகெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கு. கேமரா கோளாறா? – வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்கம்மா. இந்த மாதிரி சூப்பர்ஜூம் கேமரா ரகத்துல சென்சார் (படத்தைப் பதியுற சில்லு) சுண்டுவிரல் நகத்தவிடச் சின்னது, ஃபுல் ஜூம்ல லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சமும் கொறஞ்சிரும் (3000 எம்.எம். வரைக்கும் போற நிக்கான் பி1000லயே அங்க எஃப் 8 தான்; இந்த எண் கூடக் கூட உள்ள வர்ற வெளிச்சம் கொறையும்), அதோட மத்தியான அனல் வேற படத்தை நெளிய வைக்கும், அத எந்த லென்ஸும் தடுக்காது. விடிகாலைல கானாடுகாத்தான் போய் ஒரு வீட்டு முகப்புச் சுதைப் பொம்மையை ட்ரைபாட்ல வச்சு, ஆட்டத்தடுப்பை ஆஃப் பண்ணி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, 2 செகண்ட் டைமர் போட்டு 500, 1000, 2000னு எடுத்துப் பாருங்க. பொம்மையோட கண்ணிமை 1000ல தெளிவா இருந்து 2000ல லேசா சாஃப்ட்டானா கவலை வேணாம். ஒரு ஓரம் மட்டும் எப்பவும் மங்குனா லென்ஸ் கோணியிருக்கலாம், சர்வீஸுக்குக் குடுத்துருங்க.